அடிப்பலகை

மதியக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்த இராஜாங்கத்தின் நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்சம் முறத்தைக் கீழே வைத்தாள். அவன் கண்கள் மூடியிருந்தன. இமைகள் மட்டும் துடித்தன. பதறிப்போய் அவன் தோளைத் தொடக் கை நீட்டியபோது வாயோரமாகக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டான். தூங்குகிறவன் அப்படி மூச்சு விடமாட்டான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாளும் கவனித்தாள். அதற்கு அடுத்த நாளும் அதே கதைதான். கட்டின புருஷன் பக்கத்தில் படுத்துக்கொண்டு எதற்காக மூச்சை அடக்க வேண்டும்? வெளியே எதையாவது ஒட்டுக் கேட்கிறானா, இல்லை, தூங்குவதாக அவளை நம்பவைக்கப் பார்க்கிறானா? கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அவன் ஏதாவது சொல்லுவான், அதையும் நம்ப முடியாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றியது.

சந்தேகத்துக்கு வேறு காரணமும் இருந்தது. ஆடி பிறந்ததிலிருந்து அவன் விடியுமுன் எழுந்து போனான். திரும்பி வரும்போது தலை ஈரமாக இருந்தது. வாய்க்காலில் குளித்தேன் என்றான். வாய்க்காலில்தான் தண்ணீரே இல்லையே! பூவத்தடியில் அந்த நேரத்துக்கு முங்கிக் குளிக்கத் தண்ணீர் கிடந்தது வெட்டாற்றின் வளைவில் மட்டும். அந்த வளைவில் விடியற்காலையில் நீந்துகிறவள் யார் என்பது ஊருக்கே தெரியும்.

ஊருக்குக் கிழக்கே தரிசில் எண்ணெய் தேடி இரும்புக் கோபுரம் நட்டிருந்தார்கள். அதற்கு யோசனை சொல்ல ரஷ்யாவிலிருந்து சிலர் வந்து தகரக் கூரை வீடுகளில் தங்கியிருந்தார்கள். அவர்களில் மண்ணைச் சோதிக்கும் ஒருவரின் மனைவி லிதியா. அவள் வீட்டைப் பெருக்கித் துணி துவைக்கிற வேலை அம்சத்துக்கு. இராஜாங்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் தன் தெருவுக்குச் செயலாளர்.

வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களைக் குடிசையோடு எரித்து இரண்டு வருடம் ஆகியிருக்கவில்லை. அதனால் ரஷ்யாக்காரர்களைப் பற்றி ஆளுக்கொரு சந்தேகம். செங்கொடிக்காரனுக்குப் பணம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றது பெரிய பண்ணை. எண்ணெய் என்று சொல்லி நிலத்தை எல்லாம் வளைத்துக்கொள்ளத்தான் இது என்றார் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். சர்க்கார் ஜீப்பில் வந்து இறங்குகிற எவனும் நம்ம ஆள் இல்லை என்று சங்கத்துக்காரர்களே பேசிக்கொண்டார்கள். எல்லாச் சந்தேகமும் கடைசியில் லிதியாவின் தலையில் வந்து விழுந்தது. மற்றவர்கள் கோபுரத்தடியிலேயே கிடந்தார்கள். அவள் ஒருத்திதான் ஆற்றில் இறங்கினாள்.

இறங்கினாலும் பரவாயில்லை. இறங்கினால் மேலே வரமாட்டாள். பூவத்தடியில் நீந்தத் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் அங்கே நீச்சல் என்றால் தலை மேலே இருக்கும். வேட்டியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பாம்பு வருகிறதா, கட்டை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு அக்கரைக்குப் போகிற நீச்சல் அது. லிதியா முதல் தடவை முங்கியபோது துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தினார்கள், இரண்டு பேர் குதித்துத் தேடினார்கள். அவள் வெகுதூரம் தள்ளி நாணல் ஓரமாக எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர்களை வேடிக்கை பார்த்தாள். தேடியவர்களுக்கு அவமானமாகப் போய்விட்டது. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள்: தலையை மறைத்துக்கொண்டு போகிறவளிடம் மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது.

அவள் வீட்டுச் சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. பெரிய நீச்சல் குளம். சுற்றிலும் படிப்படியாக ஜனங்கள், எல்லோரும் எழுந்து நின்று கையை உயர்த்தியிருக்கிறார்கள். தண்ணீரில் ஆள் இல்லை. வெறும் தண்ணீரைப் பார்த்து எதற்கு இப்படிக் கூச்சல் போடுகிறார்கள் என்று அம்சத்துக்குப் புரியவில்லை. முகாமில் மொழிபெயர்க்கிற லியாகத் அலியிடம் கேட்டாள்.

லியாகத் அலிக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். அந்தப் படத்தில் இருப்பதே லிதியாதான் என்றார். பெரிய ஆற்றின் கரையில் ஒரு ஊராம். அப்பா மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விடுகிறவர். அந்த ஊர்ப் பிள்ளைகள் தெப்பத்துக்கு ஒரு பக்கம் முங்கி, அடியாலேயே போய், மறுபக்கத்து இடைவெளியில் எழுவார்களாம். இடைவெளியைக் கண்டுபிடிக்காத பிள்ளை எழாது. அப்படிக் கற்றவளை ஆலை நீச்சல் சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். அவளுடையது தவளை நீச்சல். தவளை போலக் கையும் காலும் அடிக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னதே தவிர, மேலே அடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் குதித்தால் தண்ணீர் மூடிக்கொள்ளும். மற்றவர்கள் மேலே அடித்துக்கொண்டு வருவார்கள். ஜனங்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திடீரென்று அந்தக் கடைசியில் அவள் கை சுவரைத் தொடும்.

மெடல் மெடலாக வாங்கினாளாம். வாங்க வாங்க, அவளை நம்புகிறவர்கள் குறைந்துபோனார்கள். அடியில் கயிறு கட்டியிருக்கிறார்களா என்று வெளிநாட்டு நடுவர்கள் குளத்தை இறைத்துப் பார்த்தார்களாம். அவளுடைய நாட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இவள் பாட்டுக்கு எங்கேயாவது நீந்திப் போய்விடப் போகிறாள் என்று வெளியூர்ப் போட்டிக்கெல்லாம் ஒரு ஆளைக் கூடவே அனுப்பினார்களாம்.

“அப்புறம் சட்டத்தையே மாத்திட்டாங்க. தலை தண்ணிக்கு மேல தெரியணும்னு. அதோட முடிஞ்சுது. மேல நீந்துனா இவங்க எல்லாரையும் மாதிரிதான். ஆறாவதா வந்தாங்க, எட்டாவதா வந்தாங்க. அப்புறம் சின்னப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கப் போயிட்டாங்க.”

“நீங்க பார்த்தீங்களா பாய்?”

“நான் எங்க பார்த்தேன்? அவங்க வீட்டுக்காரர் சொன்னதுதான்.”

“புருஷன் சொன்னாரா? அப்ப பாதியைத் தள்ளிடணும்.”

லியாகத் அலி சிரித்தார். அம்சம் சிரிக்கவில்லை. போட்டியை எப்போதோ விட்டுவிட்டு, நாற்பதை நெருங்குகிற வயதில், யாரும் மெடல் தராத ஒரு ஆற்றில் தினம் விடியற்காலையில் ஒருத்தி ஏன் முங்க வேண்டும்?

அந்த ஆடியில் மேட்டூர் தாமதமாகத் திறந்தது. வந்த கொஞ்சத் தண்ணீரையும் பெரிய பண்ணை தன் பக்கமே திருப்பிக்கொண்டது. கீழ் வாய்க்காலில் கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள் இராஜாங்கத்தின் தெருக்காரர்கள். அவர்களுக்கும் முறைத் தண்ணீர் உண்டு. ஆனால் சங்கம் கூலி உயர்வு கேட்டதிலிருந்து பண்ணை மதகில் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி அடைத்து வைத்திருந்தது. நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்திருந்தது. நாற்றுப் போனால் குறுவை போயிற்று.

அடைத்ததோடு விடவில்லை. களத்தில் நெல்லைக் குவித்தால் யாரும் அள்ளாமல் இருக்க, குவியலின் மேல் ஈரச் சாம்பலைத் தெளித்துக் குறிக்கட்டையால் முத்திரை வைப்பது பண்ணை வழக்கம். அதே கட்டையை மதகுக்கும் கொண்டுவந்தார்கள். பலகைகளுக்கு மேலே வைக்கோலும் களிமண்ணும் பூசி, ஈரம் காயுமுன் வரிசையாகக் குறி பதித்தார்கள். ஒரு பலகையை அசைத்தால் குறி கலையும். குறி கலையாதவரை களவு போகவில்லை என்று அர்த்தம். களத்தில் அதுவரை ஒரு நாளும் பொய்க்காத கணக்கு அது. காவல்காரன் குறியைப் பார்த்துக்கொண்டு மதகின் மேல் உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாள் காலையில் நாற்றங்கால் நனைந்திருந்தது. மதகின் மேல் குறி அப்படியே இருந்தது. தெருவில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஓடிப்போய் அவரவர் வயல் மடையைத் திறந்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர்கள் போல உட்கார்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் மட்டும் அம்சத்தைச் சீண்டினாள்.

“உன் வீட்டுக்காரரு தலை காயவே மாட்டேங்குதே! ரஷ்யாவுல மழையா?”

மறுநாள் விடியலில் இராஜாங்கம் போன பிறகு அம்சம் பின்னாலேயே போனாள்.

ஆற்றின் மேல் வெண்மையாக ஆவி கிடந்தது. நாணல் மறைவில் நின்று பார்த்தாள். இராஜாங்கம் மார்பளவு தண்ணீரில் நின்றான். எதிரே அந்தப் பெண். அவளுடைய ஒரு கை அவன் வயிற்றின்மேல் இருந்தது, இன்னொரு கை தலையின்மேல். ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பிறகு அவள் அவன் தலையை மெல்லத் தண்ணீருக்குள் அழுத்தினாள். அவன் குழந்தை மாதிரி உள்ளே போனான்.

அம்சம் அதற்குமேல் பார்க்கவில்லை. வழியெல்லாம் சேற்றில் கால் வழுக்கியது. அன்று முகாமுக்குப் போய் எப்போதும் போல வீட்டைப் பெருக்கினாள். லிதியா தேநீர் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு போய், யாரும் பார்க்காதபோது வாசலில் கொட்டினாள்.

கீழ் வாய்க்கால் காயவில்லை என்றதும் பண்ணையின் காரியக்காரர் தட்சிணாமூர்த்தி முதலில் நண்டு வளையைத் தேடச் சொன்னார். பிறகு எலி வளை. கரை முழுவதும் மிதித்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படாமல், ஒருவனை மதகடியில் காலை விட்டுத் துழாவச் சொன்னார். அவன் காலைத் தண்ணீர் பிடித்து உள்ளே இழுத்தது. அலறிக்கொண்டு கரையேறினான். மேல் பலகைகள் ஊறிப் புடைத்து, செருகிய காடியிலேயே இறுகி நின்றன. உளுத்துப்போயிருந்த அடிப்பலகையைத்தான் காணோம். குறியை நம்பி மேலேயே உட்கார்ந்திருந்த காவல்காரன், தன் காலடியிலேயே தண்ணீர் போய்க்கொண்டிருந்ததை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

தண்ணீருக்கு அடியில் அவ்வளவு நேரம் இருந்து வேலை செய்ய யாரால் முடியும் என்று கேள்வி வந்தது. ரஷ்யாக்காரி என்றார்கள் சிலர். அவளுக்கு ஏது நாற்றங்கால் என்று காரியக்காரர் கேட்டார். அவருக்கு வேண்டியது இராஜாங்கம். திருட்டு வழக்கு விழுந்தால் சங்கத்துக்குத் தெருவில் ஆள் இருக்காது. குடியிருக்கும் மனையோ பண்ணைக்குச் சொந்தம், குடும்பத்தோடு காலி செய்யச் சொல்லிவிடலாம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மதகுக்கரையில் ஊரே நின்றது. முகாமையும் விசாரிக்க வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்ததால் லிதியாவும் லியாகத் அலியும் ஜீப்பில் வந்து ஒரு ஓரமாக நின்றார்கள். இராஜாங்கத்தைச் சட்டையில்லாமல் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். தான் எடுக்கவில்லை என்று அவன் ஒரு தடவை சொன்னான்.

காரியக்காரர் ஒரு யோசனை சொன்னார். புதுப் பலகை தயாராக இருக்கிறது. இடுப்பில் கயிற்றைக் கட்டி இவனையே இறக்கிச் செருகச் சொல்லலாம்.

“எடுத்தவனுக்குத்தானேங்க திரும்பப் போடத் தெரியும்? போட்டான்னா திருடன். போடலைன்னா விட்டுடுவோம்.”

கூட்டம் அசைந்தது. இப்போது ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. அடியில் ஒரு முழ உயரத் திறப்பில் அது எப்படி இழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். போட்டால் சிறை, போடாவிட்டால் பிணம். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். அதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுவோம் என்று அம்சத்தைக் கூப்பிட்டார். தண்ணீர் போன அன்று விடியலில் உன் புருஷன் எங்கே இருந்தான்?

வீட்டில் என்று சொல்ல முடியாது. ஈரத்தலையோடு வந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. அம்சம் இராஜாங்கத்தைப் பார்த்தாள். அவன் தலையைத் தெரியாத அளவுக்கு மெல்ல அசைத்தான். சொல்லாதே என்கிறான். மானத்துக்குப் பயப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உயிர் போகிற நேரத்தில் என்ன மானம்! தன் மானத்தையும் சேர்த்தே வாரிக் கொட்டினாள்.

“அவரு மதகுப் பக்கம் வரலைங்க. ஆத்து வளைவுல இந்தம்மாகூட இருந்தாரு. தெனம் அங்கதான் போறாரு. நானே என் கண்ணால பார்த்தேன்.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. காரியக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அம்சத்தின் அருகில் வந்து, அன்பாகக் கேட்டார்.

“அங்க என்னம்மா பண்ணாங்க ரெண்டு பேரும்?”

“தலையைப் புடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்கி...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மதியத்தில் அடக்கிய மூச்சு. வயிற்றின்மேல் வைத்த கை. வாயோரமாக விட்ட காற்று. புருஷனைக் காப்பாற்ற வாய் திறந்தவள், அவன் எப்படி முங்கக் கற்றான் என்பதையே சொல்லிக் கொடுத்துவிட்டாள். மீதியை விழுங்கினாள். அதற்குள் காரியக்காரர் திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கையை விரித்தார். பண்ணையாட்கள் இராஜாங்கத்தின் இடுப்பில் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

லியாகத் அலி நடந்ததை எல்லாம் முணுமுணுப்பாக லிதியாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் செருப்பைக் கழற்றினாள். மேலே போட்டிருந்த கவுனைத் தலைவழியாக உருவி அவர் கையில் கொடுத்தாள். உள்ளே கறுப்பு நீச்சல் உடை இருந்தது. ஆண்கள் பார்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்குமுன் மதகின் ஆற்றுப் பக்கத்தில் இறங்கி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் மூடிக்கொண்டது.

எல்லோரும் அந்த இடத்தையே பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை. சருகு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கயிறு சுற்றியவர்கள் அப்படியே நின்றார்கள். இன்ஸ்பெக்டர் முதலில் லியாகத் அலியைப் பார்த்தார், பிறகு தன் வேலை போவதைப் பார்க்கிறவர் மாதிரி தண்ணீரைப் பார்த்தார். ரெங்கம்மாள் சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். அம்சத்துக்குத் தன் மூச்சும் நின்றிருப்பது தெரிந்தது. சாகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. சாகக் கூடாது என்றும் வந்தது.

மதகின் மறுபுறத்தில், கீழ் வாய்க்காலில், தண்ணீர் பிளந்தது. தலைமயிர் முழுக்கக் களிமண்ணும் வைக்கோலுமாக லிதியா எழுந்தாள். தோள்பட்டை உரிந்து ரத்தம் கசிந்தது. மேலே, பலகைகளின்மீது, பண்ணையின் குறி ஒரு கீறல்கூட இல்லாமல் வரிசையாக இருந்தது.

அவள் பேசினாள். லியாகத் அலி மொழிபெயர்த்தார். தினமும் இந்த வழியாகத்தான் அடியில் போய்ப் பழகுகிறாளாம். ஒரு பலகை குறுக்கே இருந்ததாம். உளுத்த பலகைதான், கையால் உடைத்து எடுத்தாளாம். அந்த மனிதன் அவளிடம் அடியில் நீந்தக் கற்றுக்கொள்ள வந்தது உண்மை, ஆனால் அவனுக்கு இன்னும் எதுவும் வரவில்லையாம்.

இதை யாரும் மறுத்துப் பேசவில்லை. தலையை மறைத்துக்கொண்டு போகிறவளைப் பற்றி அவர்கள் முதல் நாளே நினைத்தது இதைத்தானே! சர்க்கார் அழைத்து வந்தவள் என்பதால் இன்ஸ்பெக்டருக்கு யாரையும் கைது செய்ய வேண்டியிருக்கவில்லை. ரஷ்யாக்காரர்களை அனுப்பச் சொல்லிக் கலெக்டருக்கு எழுத நல்ல காரணம் கிடைத்ததில் காரியக்காரர் இராஜாங்கத்தை மாட்டிவிடும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டார். நான் அன்னைக்கே சொல்லலையா என்று கிளைச் செயலாளர் சுற்றியிருந்தவர்களிடம் கேட்டார். கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

அந்த வாரமே லிதியாவைத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்தது. அவள் புருஷன் மட்டும் இருந்து வேலையை முடிக்க வேண்டுமாம். சென்னைக்குப் போகும் ஜீப்பில் பெட்டி ஏறியபோது அம்சம் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஜீப்பருகில் போய், லியாகத் அலியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

“ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு கேளுங்க. என் புருஷன் அவங்களுக்கு யாரு?”

“ரெண்டும் ரெண்டு கேள்வியாச்சே அம்மா.”

“எனக்கு ஒண்ணுதான் பாய்.”

அவர் கேட்டார். லிதியா அம்சத்தை நேராகப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். லியாகத் அலி சொன்னது சிறியதாக இருந்தது.

“உங்க வீட்டுக்காரருக்குக் காத்தை அடக்கத் தெரியலையாம். சீக்கிரமா விட்டுடறாராம். தண்ணி குறைவா இருந்தப்ப ஏதோ பலகையை எடுத்துட்டாரு. அன்னைக்கு இறங்கியிருந்தா மறுபக்கம் வந்திருக்கமாட்டாராம்.”

“அவ்வளவுதான் சொன்னாங்களா?”

“அவ்வளவுதாம்மா.”

நீளமாகப் பேசியதில் மிச்சம் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. லிதியா கையை நீட்டினாள். அம்சம் தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதைப் பிடித்தாள். விரல்கள் ஆண்பிள்ளை விரல்கள் போல உறுதியாக இருந்தன. இந்தக் கைதான் அவன் வயிற்றின்மேல் இருந்தது என்று நினைத்தபடியே சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் இராஜாங்கம் நாற்றுப் பறிப்பிலிருந்து வந்தான். காலெல்லாம் சேறு. நாற்று பிழைத்துவிட்டது. சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அந்த அம்மா போயிட்டாங்களாமே என்று அவன்தான் தொடங்கினான். என்ன சொன்னாங்க என்று கேட்டான், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

“உனக்கு முங்கு நீச்சல் வராதுன்னு சொல்லிட்டுப் போறா மாமா. மூச்சை அடக்கத் தெரியலையாம்.”

அவன் கை பாதியில் நின்றது. முகம் வாடிவிட்டது.

“அப்படியா சொன்னாங்க?” என்றான். “கடைசியா நல்லாத்தானே பண்ணேன்.”

அம்சம் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். வாத்தியாரிடம் திட்டு வாங்கிய மாணவனின் முகமா, வேறு எதையோ பறிகொடுத்தவனின் முகமா என்று கண்டுபிடிக்க, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.